சிறு நெல் விவசாயிகளின் உற்பத்தித் திறன்: பொக்காளி வயல்களின் அனுபவம்

நமது நாட்டின் விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள். 2015-16 ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, மொத்தச் சாகுபடிப் பண்ணைகளில் சுமார் 86 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு அகில இந்திய அளவில் 1.08 ஹெக்டேர், கேரளத்தில் அது 0.18 ஹெக்டேர் மட்டுமே. இத்தகைய சிறு பண்ணைகள் திறம்பட உற்பத்தி செய்ய இயலுமா என்ற வினா, திட்டமிடுதல் தொடங்கிய நாள் முதல் பொருளாதார அறிஞர்களின் கவனத்தை ஈர்த்து வந்துள்ளது. இதற்கான விடை, திறன் என்பதை நாம் எவ்வாறு அளக்கிறோம் என்பதையே பெரிதும் பொறுத்தது. கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையைச் சுற்றியுள்ள காயலோரப் பகுதிகளில் வழிவழியாக நடைபெற்று வரும் பொக்காளி நெல் சாகுபடி இதனை விளங்கிக்கொள்ளச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

விளைதிறனும் செயல்திறனும்

முதற்கண் இரண்டு கருத்துகளை வேறுபடுத்திக் காண்பது அவசியம். ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் நெல் விளைகிறது என்பது விளைதிறன். தன்னிடமுள்ள நிலம், நீர், விதை, உழைப்பு, பணம் ஆகியவற்றைக் கொண்டு பெறக்கூடிய அதிகபட்ச விளைச்சலில் எவ்வளவை ஒரு விவசாயி உண்மையில் பெறுகிறார் என்பது செயல்திறன். விளைதிறன் குறைவாக இருப்பதனாலேயே செயல்திறனும் குறைவு என்று முடிவு கட்டிவிட இயலாது.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். அரை ஹெக்டேர் வீதம் நிலமுடைய இரு விவசாயிகள் ஒரே வகை மண்ணில், ஒரே அளவு விதையையும் ஒரே அளவு உழைப்பையும் செலவிடுகின்றனர். முதலாமவர் 1,000 கிலோ நெல்லும், இரண்டாமவர் 750 கிலோ நெல்லும் அறுவடை செய்கின்றனர். முதலாமவரின் விளைச்சலே எட்டக்கூடிய உச்சம் எனக் கொண்டால், இரண்டாமவரின் தொழில்நுட்பத் திறன் 75 சதவீதமாகும். 1957 இல் எம். ஜே. ஃபாரெல் என்ற பொருளாதார அறிஞர் வகுத்தளித்த அளவுமுறையின் சாரம் இதுவே.

அவரே குறிப்பிட்ட மற்றொரு கூறு பங்கீட்டுத் திறன் ஆகும். இடுபொருள்களை அவற்றின் விலைக்கு ஏற்ற விகிதத்தில் பயன்படுத்துவதை இது குறிக்கும். வயலில் கூடுதலாக ஓர் ஆளை ஒரு நாள் வேலைக்கு அமர்த்தினால் 15 கிலோ நெல் அதிகமாகக் கிடைக்கும் என்றும், நெல் கிலோ 30 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அதனால் வரும் வரவு 450 ரூபாய். கூலி 800 ரூபாயாக இருந்தால் அந்த ஆளை அமர்த்தாமல் விடுவதே பங்கீட்டுத் திறன். இவ்வாறு செய்யும் விவசாயியின் மகசூல் பக்கத்து வயலைவிடக் குறையும். ஆயினும் அவர் எடுத்த முடிவில் தவறில்லை.

அறிஞர்களின் விவாதம்

சிறு விவசாயி அறியாமையினாலும் பழமைப் பற்றினாலும் வளங்களை வீணாக்குகிறார் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1964 இல் வெளிவந்த தமது நூலில் தியோடர் ஷுல்ட்ஸ் இவ்வெண்ணத்தை மறுத்தார். மரபுவழி விவசாயி ஏழையே எனினும், தமக்குக் கிட்டியுள்ள வளங்களைத் திறம்படவே பயன்படுத்துகிறார் என்பது அவரது வாதம். உத்தரப் பிரதேசத்தின் சேனாபூர் கிராமத்தை ஆராய்ந்த டேவிட் ஹாப்பரும் 1965 இல் இதே போன்ற முடிவை வெளியிட்டார். ஷுல்ட்ஸ் 1979 ஆம் ஆண்டு பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

இதற்கு முன்னரே, 1950களில் நம் நாட்டில் நடத்தப்பட்ட பண்ணை நிர்வாக ஆய்வுகள் மற்றோர் உண்மையைப் புலப்படுத்தியிருந்தன. பண்ணையின் அளவு கூடக்கூட ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சலின் மதிப்பு குறைந்து வந்தது. இதற்கு அமர்த்தியா சென் 1962 இல் ஒரு விளக்கம் அளித்தார். பெரிய பண்ணையார் கூலிக்கு ஈடான வரவு கிடைக்கும் வரையில்தான் ஆள் வைப்பார். சிறு விவசாயியின் குடும்பத்தினரோ, வேறு வேலை கிடைக்காத நிலையில், அந்த எல்லையையும் தாண்டித் தம் வயலில் உழைப்பார்கள். அதனால் சிறு வயலில் மகசூல் அதிகமாகிறது.

இவ்விளக்கத்தில் ஒரு நிபந்தனை அடங்கியிருப்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். வெளியில் வேலை கிடைக்காத வரையில்தான் குடும்ப உழைப்பு வயலில் குவியும். வேளாண் கூலி நாட்டிலேயே மிக உயர்ந்துள்ள மாநிலமாகிய கேரளத்தில் அந்த நிபந்தனை எப்போதோ மறைந்துவிட்டது. அங்கு நெல் சாகுபடி 1974-75 இல் சுமார் 8.8 இலட்சம் ஹெக்டேரில் நடைபெற்றது. 2020-21 இல் அது சுமார் 2 இலட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இதே காலத்தில் ஹெக்டேருக்குச் சராசரி அரிசி விளைச்சல் சுமார் 1.5 டன்னிலிருந்து சுமார் 3 டன்னாக, அதாவது இரு மடங்காக உயர்ந்தது. விளைதிறன் இரட்டித்தும் மொத்த உற்பத்தி பாதிக்கும் கீழாகக் குறைந்தது. விளைதிறனை மட்டும் நோக்குவோர் இதனை வெற்றி என்றே கருத நேரிடும்.

பொக்காளி முறை

எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் கடலின் ஏற்றவற்றத்திற்கு ஏற்பக் காயல் நீர் ஏறி இறங்குகிறது. ஆண்டின் ஒரு பகுதியில் அந்நீர் உவர்ப்பாகவும், பருவமழைக் காலத்தில் நன்னீராகவும் இருக்கும். இந்நிலங்களில் மழைக்காலத்தில் நெல்லும், மழை ஓய்ந்த பின்னர் இறாலும் மாறிமாறி விளைவிக்கப்படுகின்றன. கும்பளங்கி, செல்லானம், கடமக்குடி, எழிக்கரை முதலிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர் பெற்றவை.

ஏப்ரல் மாத நடுவில் இறால் பருவம் முடிந்ததும் வயலிலிருந்து நீர் வடிக்கப்படுகிறது. சுற்றுவரப்பு பலப்படுத்தப்படுகிறது. காயலுக்கும் வயலுக்கும் இடையே நீர்ப்போக்கை முறைப்படுத்தும் மதகு செப்பனிடப்படுகிறது. தமிழில் மதகைக் குறிக்கும் தூம்பு என்னும் பழஞ்சொல் மலையாளத்தில் இன்றும் இதற்கு வழங்கி வருகிறது. பின்னர் மண்ணைக் கொத்திச் சிறு சிறு மேடுகளாகக் குவிக்கின்றனர். ஜூன் மாத மழை இம்மேடுகளின் மீது பெய்யும்போது மண்ணிலுள்ள உப்பும் அமிலமும் கரைந்து கீழிறங்குகின்றன. அதன்பின் முளைகட்டிய விதையை மேடுகளின் உச்சியில் விதைக்கின்றனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் நாற்று வளர்ந்ததும் மேடுகளை மண்ணோடு துண்டு துண்டாக வெட்டி வயல் முழுவதும் பரப்புகின்றனர். இதுவே நடவு. இரசாயன உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை.

பயிர் ஓர் ஆளின் மார்பளவுக்கும் மேல் உயர்ந்து வளரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கதிர்களை மட்டும் அறுத்தெடுத்து, தாளை நீரிலேயே விட்டுவிடுகின்றனர். நவம்பர் நடுவில் இறால் பருவம் தொடங்குகிறது. ஏற்றத்தின்போது மதகு வழியாக உள்ளே வரும் இறால் குஞ்சுகள், அழுகும் நெல்தாளைச் சார்ந்து பெருகும் நுண்ணுயிர்களை உண்டு வளர்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் வற்றும்போது மதகில் வலை கட்டி அவற்றைப் பிடிக்கின்றனர். இறாலின் கழிவும் எச்சங்களும் அடுத்த நெற்பயிருக்கு உரமாகின்றன.

இந்நிலங்களில் நெல் விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன்னைத் தாண்டுவது அரிது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம், திருப்பூணித்துறைக்கு அருகிலுள்ள வைற்றிலாவில் அமைந்துள்ளது. இந்நிலையம் உள்ளூர் ரகங்களைத் தெரிந்தெடுத்தும், பின்னர்க் கலப்பினம் செய்தும் வைற்றிலா என்ற பெயர் வரிசையில் பல மேம்பட்ட ரகங்களை வெளியிட்டுள்ளது. அவற்றின் விளைவுத்திறன் அதிகமே. எனினும் விவசாயியின் வயலில் கிடைக்கும் மகசூல் நீர் நிர்வாகத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஒரு பயிரா, இரு பயிரா?

நெல் மகசூலை மட்டும் கொண்டு ஒப்பிட்டால் பொக்காளி விவசாயி பட்டியலின் அடியில் நிற்பார். பஞ்சாபில் ஹெக்டேருக்குச் சராசரியாக 4 டன் அரிசி கிடைக்கிறது. ஆனால் அம்மகசூலுக்குப் பின்னே இரசாயன உரமும், ஆழ்குழாய்க் கிணற்று நீரும், அந்நீரை இறைக்க மானிய விலையிலும் இலவசமாகவும் வழங்கப்படும் மின்சாரமும் உள்ளன. பொக்காளி வயலுக்கு உரச் செலவு இல்லை. பாசனச் செலவும் இல்லை. மேலும் அதே நிலம் ஆண்டின் எஞ்சிய காலத்தில் ஏற்றுமதி மதிப்புடைய இறாலைத் தருகிறது.

ஓர் இடுபொருளைக் கொண்டு ஒரு விளைபொருளை மட்டும் அளப்பது பகுதி விளைதிறன். எல்லா இடுபொருள்களையும் எல்லா விளைபொருள்களையும் கணக்கில் கொள்வது மொத்தக் காரணி விளைதிறன். பொக்காளியில் நெல்லும் இறாலும் ஒன்றுக்கொன்று இடுபொருளாகவும் அமைகின்றன. ஆகவே பகுதி விளைதிறனைக் கொண்டு இம்முறையை எடைபோடுவது, இரு கால்களால் நடப்பவரின் ஒரு காலை மட்டும் அளப்பதற்கு ஒப்பாகும்.

இதனால் இம்முறையில் குறைபாடு ஏதுமில்லை என்று கொள்ளலாகாது. மண் கொத்துதல், மேடு கட்டுதல், நாற்றைப் பரப்புதல், இடுப்பளவுச் சேற்று நீரில் நின்று கதிர் அறுத்தல் ஆகிய அனைத்தும் மனித உழைப்பால் நடைபெறுகின்றன. வழக்கமான அறுவடை இயந்திரங்கள் இச்சேற்றில் இறங்க இயலாது. ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்புக்குக் கிடைக்கும் நெல் மிகக் குறைவு. நிலத்தையும் உரத்தையும் பொறுத்தவரை சிக்கனமான இம்முறை, உழைப்பைப் பொறுத்தவரை செலவு மிகுந்தது. உயர்கூலி மாநிலமொன்றில் இது சிறிய குறையன்று.

வரப்பின் கணக்கு

பொக்காளி வயலின் சிறப்பியல்பு யாதெனில், பல உடைமையாளர்களின் நிலங்கள் ஒரே சுற்றுவரப்பினுள் அமைந்துள்ளன. நீர் வடிப்பதும் தேக்குவதும் பொது மதகின் மூலமாகவே நடைபெறும். இத்தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். இங்கே உற்பத்தியின் மெய்யான அலகு பாடசேகரமே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 20 பேருக்குச் சொந்தமான 10 ஹெக்டேர் கொண்ட ஒரு பாடசேகரத்தில் வரப்பைப் பலப்படுத்தவும், மதகைச் செப்பனிடவும், நீரை இறைக்கவும் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் ஆகிறது என்போம். அனைவரும் பயிரிட்டால் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். பாதிப்பேர் சாகுபடியைக் கைவிட்டால் வரப்பின் நீளம் பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. எஞ்சியோர் ஹெக்டேருக்கு 40,000 ரூபாய் ஏற்க வேண்டும். இச்சுமையைத் தாங்காமல் அவர்களிலும் சிலர் விலகுவர். அடுத்த ஆண்டு சுமை மேலும் ஏறும். இவ்வாறு, தம் பணியில் எக்குறையும் வைக்காத ஒரு விவசாயி மற்றவர்களின் விலகலால் நட்டமடைகிறார்.

இனி, முன்னர்க் கூறிய 75 சதவீதத் திறனுடைய விவசாயியை மீண்டும் நினைவுகூர்வோம். அவரது பாடசேகரத்தில் இறால் குத்தகைதாரர் ஏப்ரல் நடுவில் மதகை ஒப்படைக்காமல் ஒரு மாதம் தாமதித்தார் எனக் கொள்வோம். உவர்நீர் வடியத் தாமதமாகும். மேடு கட்டுவதற்கு முன்பே மழை தொடங்கிவிடும். உப்பு முழுமையாகக் கழுவப்படாத மண்ணில் நாற்று நலிவுறும். புள்ளிவிவரப் பகுப்பாய்வில் இக்குறைவு முழுவதும் அந்த விவசாயியின் திறமைக்குறைவாகப் பதிவாகிவிடக்கூடும். அதனை நம்பி அவருக்குப் பயிற்சி முகாம் நடத்துவது பயன் தராது. மதகு குறித்த நாளில் திறக்கப்படுவதே அவருக்கு வேண்டியது.

தனியார் இலாபமும் பொது நட்டமும்

இறாலுக்கு நல்ல விலை கிடைப்பதால், நெல்லை விட்டு ஆண்டு முழுவதும் இறாலையே வளர்க்கலாம் என்ற எண்ணம் உடைமையாளர் பலருக்கு ஏற்பட்டது. கையிலுள்ள விலைகளைக் கொண்டு பார்த்தால் இது பங்கீட்டுத் திறனுக்கு இசைந்த முடிவே. இதனைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது எளிது, விளங்கிக்கொள்வதே பயனுடையது.

நெல் பயிரிடாத வயலில் தாள் இல்லை. தாள் இன்றேல் இறாலுக்கு இயற்கை உணவு குறைகிறது. உவர்நீர் ஆண்டு முழுவதும் தேங்குவதால் பக்கத்து நிலங்களிலும் கிணறுகளிலும் உப்பு ஊறுகிறது. ஒரே உயிரினத்தைத் தொடர்ந்து வளர்ப்பதால் நோய் அபாயமும் மிகும். 1990களின் நடுவில் இந்தியக் கடலோரப் பண்ணைகளில் பரவிய வெள்ளைப்புள்ளி நோய் இதற்கு ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. இறாலின் சந்தை விலையில் இந்தச் செலவுகள் எதுவும் அடங்கியிருப்பதில்லை. இவற்றையே பொருளியலார் புறவிளைவுகள் என்பர்.

தமிழகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் தொழில்முறை இறால் பண்ணைகளைத் தடை செய்தது. அதே சமயம் மரபுவழி முறைகளுக்கு அது இடமளித்தது. கேரள அரசும் பொக்காளி நிலங்களில் ஒரு நெல், ஒரு மீன் என்ற கொள்கையை வகுத்து, நெல்லும் இறாலும் மாறிமாறி வருவதை நெறிப்படுத்த முயன்றுள்ளது. 2008 ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயல்களை மேடாக்குவதைத் தடுக்கிறது. எனினும் வயலை மூடுவதைச் சட்டம் தடுக்கலாம். அதில் விதைக்கச் செய்வது சட்டத்தால் மட்டும் இயலாது. தரிசாகக் கிடக்கும் பாடசேகரங்கள் இதற்குச் சான்று.

குத்தகை முறையும் இதில் தொடர்புடையது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை ஒழிக்கப்பட்டது. புதிய குத்தகைகளும் தடை செய்யப்பட்டன. உழுபவனுக்கு நிலம் கிடைக்கச் செய்த இச்சீர்திருத்தத்தின் பெருமை ஐயத்திற்கிடமற்றது. எனினும், இன்று நிலவுடைமையாளர் பலர் வேறு தொழிலில் உள்ளனர். பயிர் செய்ய முன்வரும் மகளிர் குழுக்களும் ஏழை விவசாயிகளும் வாய்மொழி ஏற்பாட்டின் பேரில் பயிரிடுகின்றனர். எழுத்து மூலமான உரிமை இல்லாததால் கடன், பயிர்க் காப்பீடு, இழப்பீடு ஆகியவற்றைப் பெறுவதில் அவர்கள் இடர்ப்படுகின்றனர்.

செய்ய வேண்டுவன

இவ்வனுபவத்திலிருந்து திட்டமிடுவோர் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, இத்தகைய நிலங்களில் திறனாய்வின் அலகாகத் தனிப் பண்ணையைக் கொள்ளாமல் பாடசேகரத்தைக் கொள்ள வேண்டும். பதிவேட்டில் நெல்லும் இறாலும் ஒரே கணக்கில் இடம்பெற வேண்டும். வேளாண்மைத் துறையும் மீன்வளத் துறையும் தத்தம் விளைபொருளைத் தனித்தனியே கணக்கிடும் வரையில் முழுமையான படம் கிடைக்காது.

இரண்டாவதாக, சுற்றுவரப்பு, மதகு, நீர் இறைப்பு ஆகியவற்றின் செலவைப் பொதுச் செலவாகக் கருதுவது பொருத்தம். ஒவ்வொரு விவசாயிக்கும் சிறுசிறு தொகையாக உதவி வழங்குவதைவிட, வரப்பை உறுதியாக்குவது அனைவரின் செலவையும் ஒருசேரக் குறைக்கும். 1989 இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட கூட்டுச் சாகுபடித் திட்டமும் பாடசேகரக் குழுக்களும் இத்திசையில் எடுக்கப்பட்ட முயற்சிகள். எழிக்கரையில் பள்ளியாக்கல் சேவைக் கூட்டுறவு வங்கி பொக்காளி சாகுபடிக்கு ஆதரவளித்து வருவதும் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவதாக, சேற்று நிலத்தில் இயங்கும் இலகுவான அறுவடைக் கருவியை உருவாக்குவதில் ஆராய்ச்சியாளர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். இம்முறையின் மெய்யான நலிவு உழைப்புத் திறனில் உள்ளது. புதிய விதையைவிட நல்ல கருவி இங்கு அதிகப் பயன் தரக்கூடும்.

நான்காவதாக, பொக்காளி அரிசிக்கு 2008 இல் கிடைத்த புவிசார் குறியீட்டின் பயன் விவசாயியைச் சென்றடைய வேண்டும். இரசாயனம் கலவாத அரிசிக்கு நகரத்து நுகர்வோர் தரும் கூடுதல் விலை, வயலில் நின்று அறுப்பவருக்குச் சேரும்போதுதான் சாகுபடி தொடரும். நெல்வயலை வயலாகவே பேணுவோருக்குக் கேரள அரசு 2020 இல் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் உரிமத்தொகை அறிவித்தது. நிலத்தடி நீர் சேர்த்தல், வெள்ளம் தாங்குதல் போன்ற விலையிடப்படாத பணிகளுக்கும் மதிப்பளிக்கலாம் என்ற கோட்பாட்டை அது ஏற்றுக்கொண்டது. தொகை சிறிதாயினும் கோட்பாடு முக்கியமானது.

முடிவுரை

பொக்காளியின் மதிப்பு கேரளத்தோடு நின்றுவிடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியை ஐஆர்-29 ரகத்துடன் கலப்பினம் செய்து பெற்ற வழித்தோன்றல்களில், உவர்ப்பைத் தாங்கும் மரபுக்கூறு கண்டறியப்பட்டது. சால்டால் எனப்படும் அது, பல நாடுகளின் நெல் இனப்பெருக்கத்தில் பயன்பட்டு வருகிறது. கடல்மட்டம் உயர்ந்து வரும் இக்காலத்தில், நாகப்பட்டினம் போன்ற தமிழகக் கடலோர மாவட்டங்களின் நெல் விவசாயிகளுக்கும் இந்த மரபுக்கூறு தேவைப்படக்கூடும். அதனைத் தலைமுறை தலைமுறையாக வயலில் காத்துத் தந்தவர்கள், மகசூல் பட்டியலில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட சிறு விவசாயிகளே.

ஒரு காலத்தில் ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் வரை பரவியிருந்ததாக மதிப்பிடப்படும் இந்நிலங்களில் இன்று நெல் விளைவது ஒரு சிறு பகுதியில் மட்டுமே. விதை வங்கியில் ஒரு ரகத்தைப் பாதுகாக்கலாம். மதகைத் திறக்கும் நாளையும், மேடு கட்டும் பதத்தையும் அறிந்த கைகளை அங்குச் சேமித்து வைக்க இயலாது. சிறு விவசாயி திறமையற்றவர் என்று கணக்கேட்டில் எழுதுமுன், அவரால் தனித்து மாற்ற இயலாதவை எவை என்பதை அலுவலர்கள் வயலுக்கே சென்று கண்டறிதல் வேண்டும். அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு சமுதாயத்தையும் அரசையும் சார்ந்தது.